உளியும் ஒலிபெருக்கியும்

மேடை என்றவுடன் நம் நினைவில் வந்து நிற்பவர் யாவர்? நாவலர் வருவார், பாவலர் வருவார், நாடாளும் காவலரும் வருவார். அந்த மேடையைப் பலகை பலகையாக அடித்து நிறுத்திய தச்சர் வருவாரா? மேடையில் தலைவர் அமர்ந்திருக்கும் நாற்காலியைச் செய்தவர் வருவாரா? வருவதில்லை. "நிறைகுடம் தளும்பாது" என்ற பழமொழியைச் சொல்லிச் சொல்லியே கைத்தொழில் தெரிந்தவர்களை வாய் திறவாதவர்களாக வைத்துவிட்டோம். செய்வது ஒருவர், பேசுவது வேறொருவர் என்ற பிரிவினை நமக்கு இயற்கையாகவே தோன்றும்படி ஆகிவிட்டது.

ஆனால் உலகின் சில பகுதிகளில் வேறொரு வழக்கம் வளர்ந்திருக்கிறது. நாற்காலி, மேசை, கட்டில் முதலிய அறைகலன்களை வடிவமைப்போர் அவையோர் முன் வந்து நின்று, தம் படைப்பு பிறந்த கதையைத் தாமே சொல்கிறார்கள். முதலில் கிறுக்கிய படம், அட்டையில் வெட்டிய மாதிரி, உடைந்துபோன முதல் நாற்காலி ஆகிய எல்லாவற்றையும் திரையில் காட்டுகிறார்கள். பிறகு அவையோர் கேள்வி கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 1995 இல் தொடங்கிய 'டிசைன் இந்தாபா' மாநாடு இத்தகைய பேச்சுகளால் புகழ் பெற்றது. அமெரிக்காவில் 2005 இல் தொடங்கிய 'டிசைன் மயாமி' கண்காட்சியிலும், ஐரோப்பிய அருங்காட்சியக அரங்குகளிலும் இவ்வழக்கம் உண்டு. அவற்றின் பதிவுகளை விடுதியில் கைபேசியில் பார்ப்பது என் வழக்கம். அவர்களின் ஆங்கிலம் பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் கைகளின் அசைவு முழுவதும் புரியும்.

இவ்வழக்கம் நல்லது, நமக்கும் வேண்டியது என்பதே என் கருத்து. ஆனால் அந்த மேடையில் இன்னும் இரண்டு நாற்காலிகள் போடப்பட வேண்டும். ஒன்று, பொருளைக் கையால் செய்தவருக்கு. மற்றொன்று, அதில் நாள்தோறும் அமர்பவருக்கு. அவ்விருவரும் இல்லாத மேடை முக்காலியின் இரண்டு கால்களை ஒடித்ததற்குச் சமம்.

வேலையே பேசட்டும் என்பார்க்கு

"நல்ல நாற்காலிக்கு நாக்கு எதற்கு? உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று கேட்பவர் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்காலி தன்னைத்தானே பேசிக்கொள்ளும் என்பதை வரலாறு ஒப்புக்கொள்ளவில்லை.

1960 ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் முதன்முறையாக நேருக்கு நேர் விவாதித்தார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அவர்கள் அமர்வதற்காகப் போடப்பட்டிருந்தவை டென்மார்க் நாட்டு ஹான்ஸ் வெக்னர் 1949 இல் வடிவமைத்த மர நாற்காலிகள். கைப்பிடியும் முதுகுச் சாய்வும் ஒரே வளைவாக ஓடும் அழகிய படைப்பு அது. அன்று பேசியவர்களின் முகத்தையும் வியர்வையையும் உடையையும் பற்றி இன்றுவரை எழுதுகிறார்கள். நாற்காலியைப் பற்றி அன்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கோடிப் பேர் பார்த்தும் நாற்காலி பேசவில்லை. பேசவைக்க ஆள் வேண்டும்.

இன்னொரு சான்றும் உண்டு. இத்தாலியின் காயட்டானோ பெஷே 1969 இல் ஒரு நாற்காலியை வடிவமைத்தார். பருத்த பெண்ணுடல் போன்ற இருக்கை. அதனோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட ஓர் உருண்டை. காண்பவர்கள் அதைக் கால் வைக்கும் முட்டான் என்றே எண்ணுவார்கள். அந்த உருண்டை கைதியின் காலில் கட்டப்படும் இரும்புக் குண்டு என்றும், உலகெங்கும் பெண்கள் இவ்வாறே பிணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும் 2024 இல் மறையும்வரை அவர் விளக்கி வந்தார். அந்த விளக்கம் இல்லையேல் அது வெறும் மெத்தை. பேச்சு சேர்ந்தபோதுதான் அது ஒரு கண்டனமாயிற்று.

உட்கார்ந்தால் சுகமா இல்லையா என்பது தெரியும். ஏன் சுகம் என்பது தெரியாது. 'ஏன்' என்று கேட்பதன்றோ கல்வி?

தோல்வியைச் சொல்லும் நேர்மை

இப்பேச்சுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வெற்றிக் கதையன்று, தோல்விக் கதையே. நம் மேடைகளில் தோல்வியைச் சொல்பவர் அரிது. அறிவியல் மாணவர்க்கோ தவறிய சோதனையும் ஒரு பாடம்.

அமெரிக்காவின் சார்லஸ் ஈம்ஸ், ஈரோ சாரினென் இருவரும் 1940 இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றார்கள். இருக்கையும் முதுகும் ஒரே ஒட்டுப்பலகையாக, கிண்ணம்போல் வளைந்த நாற்காலி அவர்களுடையது. பரிசு கிடைத்தது, ஆனால் ஆலையில் செய்ய இயலவில்லை. பலகை வெடித்தது. காரணம் கணிதத்தில் இருக்கிறது. ஒரு தாளை உருளையின்மேல் சுருக்கமில்லாமல் சுற்றலாம். பந்தின்மேல் சுற்ற முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் வளைத்தால் தாள் கசங்கும், அல்லது கிழியும். 19 ஆம் நூற்றாண்டில் காஸ் என்னும் கணித மேதை நிறுவிய உண்மை இது. மரத்தாள்களை அடுக்கி ஒட்டிய பலகைக்கும் இதே விதிதான்.

பிறகு போர் வந்தது. காலில் அடிபட்ட வீரர்களுக்குக் கட்டப்பட்டுவந்த உலோகச் சட்டங்கள் அதிர்ந்து காயத்தை மோசமாக்கின. சார்லசும் அவர் துணைவியார் ரே ஈம்சும் ஒட்டுப்பலகையில் கால் சட்டம் செய்து கடற்படைக்குக் கொடுத்தார்கள். வளைவு கடுமையாகும் இடங்களில் துளையும் பிளவும் விட்டால் இறுக்கம் தளர்ந்து பலகை வெடிக்காது என்பதை அந்த வேலையில் கற்றார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சட்டங்கள் செய்யப்பட்டன. அதன்பின் வந்த 1945-46 ஆம் ஆண்டு நாற்காலியில் இருக்கை தனி, முதுகு தனி. ஒரே பலகை என்ற பிடிவாதத்தை விட்டார்கள், நாற்காலி பிறந்தது! 1972 இல் வெளியான ஒரு சிறு படத்தில் சார்லஸ் ஈம்ஸ் கேள்விகளுக்கு விடை சொல்கிறார். வடிவமைப்புக்குக் கட்டுப்பாடுகளே அடிப்படை என்பதும், அவற்றை இயன்றவரை அறிந்து விருப்போடு ஏற்று வேலை செய்ய வேண்டும் என்பதும் அவர் கருத்து. பணம், நேரம், பொருள் எல்லாமே கட்டுப்பாடாக இருக்கும் வீடுகளிலிருந்து வந்த நமக்கு இதைவிட ஊக்கம் தரும் செய்தி ஏது?

இக்காலத்தவர் ஒருவரையும் சொல்கிறேன். நெதர்லாந்தின் யோரிஸ் லார்மன் 2006 இல் அலுமினியத்தால் 'எலும்பு நாற்காலி' ஒன்றைச் செய்தார். பாரம் மிகும் இடத்தில் மரம் தன்னைப் பருக்கச் செய்கிறது. எலும்போ அத்துடன், தேவையற்ற இடத்திலிருந்து பொருளைக் குறைத்தும் விடுகிறது. ஜெர்மானிய அறிவியலர் கிளாஸ் மாத்தெக் ஆராய்ந்த இவ்வுண்மையிலிருந்து உருவான கணினி முறை மோட்டார் வாகன உறுப்புகளை இலேசாக்கப் பயன்பட்டது. அதையே லார்மன் நாற்காலிக்குக் கொண்டுவந்தார். தாவரவியல், விலங்கியல், இயற்பியல், கணினி அறிவியல் ஆகிய நான்கு துறைகளும் ஒரே நாற்காலியில் அமர்ந்திருக்கின்றன. இதை ஒருவர் எடுத்துச் சொன்னால் எந்த அவை கேளாமல் எழுந்து போகும்?

பெயர் யாருக்கு?

இனி, என் மனத்தை உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். மேடை ஒருவருக்குப் பெயர் தருகிறது. அதே மேடை மற்றொருவரின் பெயரை மறைக்கவும் செய்கிறது.

1956 இல் ஈம்ஸ் தம்பதியர் தம் புதிய சாய்வு நாற்காலியைக் காட்ட அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். சார்லஸ் முதலில் வரவேற்கப்பட்டார். ரே பின்னரே வந்தார். வெற்றி பெற்ற ஆணின் பின்னால் நிற்கும் திறமைசாலிப் பெண் என்ற பொருளில் அறிமுகப்படுத்தப்பட்டார். அவரோ அந்த வேலைகளில் சரிபாதிப் பங்காளி! அறிமுகம் செய்தவரும் ஒரு பெண்மணியே என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கசப்பானது. 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கான நாற்காலிகள் செய்யப்பட்டன. பியேர் ஜான்னெரே என்பவரின் தலைமையில் வடிவம் வகுக்கப்பட்டது. அக்குழுவில் இருந்த ஊர்மிளா யூலி சௌதுரி என்ற பெண் கட்டடக் கலைஞருக்கும் அதில் பங்குண்டு. காலப்போக்கில் அந்த நாற்காலிகள் பழைய சாமானாக மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் குவிக்கப்பட்டு, கழிவு விலைக்கு ஏலம் போயின. வாங்கிச் சென்ற அயல்நாட்டு வணிகர்கள் அவற்றைச் செப்பனிட்டு லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011 இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு, அவற்றை விற்கவும் நாடு கடத்தவும் தடை விதித்தது. ஏமி சீகல் என்ற கலைஞர் 2013 இல் எடுத்த படம் இக்கதையைத் தலைகீழாகச் சொல்கிறது. செல்வர் மாளிகையில் தொடங்கி, ஏல அரங்கு, கப்பல், பட்டறை எனப் பின்னோக்கிச் சென்று சண்டிகரில் முடிகிறது. ஏலப் பட்டியல்களில் ஜான்னெரேயின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. தேக்கை இழைத்த தச்சரின் பெயரும், பிரம்பு பின்னியவரின் பெயரும் எங்கே? அவர்களை ஒருவரும் ஒரு கூட்டத்தின் முன் நிறுத்திப் பேசச் சொல்லவில்லை. பேசாதது பதிவாகவில்லை, பதிவாகாதது மறைந்தது.

பெயர் மறையாமல் நின்ற கதையும் ஒன்று உண்டு. ஜார்ஜ் நாகஷிமா என்ற ஜப்பானிய அமெரிக்கர் 1930களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதிக் கட்டட வேலையை மேற்பார்த்தவர். 1942 இல், போர்க்காலத்தில், ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரைக் குடும்பத்தோடு ஐடஹோ மாநில முகாமில் அடைத்தது. அங்கே கென்டாரோ ஹிக்கோகாவா என்ற தச்சரைச் சந்தித்தார். கிடைத்த கட்டைகளை வைத்து இழைப்பும் மூட்டும் கற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்றபோதும், தமக்குத் தொழில் கற்றுத்தந்த அந்தத் தச்சரை அவர் மறைக்கவில்லை. முள்வேலிக்குள் இருந்த ஒரு தச்சரின் பெயரை இன்று இந்த மலரில் நான் எழுத முடிகிறதென்றால், பேசத் தெரிந்த ஒருவர் பேசத் தவறவில்லை என்பதே காரணம்.

என் தந்தையார் ஒரு பட்டறையில் நாற்காலியும் கட்டிலும் செய்பவர். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அவர் செய்யும் நாற்காலியின் பின்கால்கள் நேராக நில்லாமல் கீழே சற்றுப் பின்னோக்கிச் சரிந்திருக்கும். சிறு வயதில் காரணம் கேட்டேன். "ஆளு சாயறப்ப பாரம் பின்னால போகுதில்ல? கால் அங்க போயி நின்னு தாங்கணும்" என்றார். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு தாங்கும் தளத்துக்குள் விழ வேண்டும் என்று பதினோராம் வகுப்பில் நான் படித்தது இதைத்தான். அந்த நாற்காலிகள் நகரத்துக் கடை ஒன்றுக்குப் போகும். கடையின் பெயர்த் தகடு அடிக்கப்படும். ஒருமுறை சரக்கு இறக்க அவரோடு நானும் போயிருந்தேன். வாங்க வந்த ஒருவர், "கால் ஏன் கோணலாக இருக்கிறது?" என்று கேட்டார். "அது மாடல் சார்" என்றார் விற்பனையாளர். விடை தெரிந்தவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாரையும் குறை கூற இதை எழுதவில்லை. கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

விளக்கமா, விளம்பரமா?

இவ்வகைப் பேச்சுகளில் ஏமாற்றும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நாற்காலியைக் கலைப்பொருளாக்கி விலை ஏற்றுவதற்கும் மேடை உதவுகிறது. ஆஸ்திரேலியரான மார்க் நியூசன் 1980களில் அலுமினியத் தகடுகளை ஆணியடித்துச் செய்த சாய்வு இருக்கை ஒன்று, 2015 இல் லண்டன் ஏலத்தில் 20 லட்சம் பவுனுக்கு மேல் விற்றது. அது திறமான வேலைதான். ஆனால் அதில் சாய்ந்து இளைப்பாறுவோர் எத்தனை பேர்?

மறுபக்கம் பாருங்கள். நம் கல்யாண மண்டபத்திலும், துக்க வீட்டுப் பந்தலிலும், தேநீர்க் கடையிலும் இருக்கும் வார்ப்பு பிளாஸ்டிக் நாற்காலி. பிரான்சின் ஆன்றி மசோனே 1972 இல் செய்த நாற்காலி அதன் முன்னோடிகளுள் ஒன்று. ஒரே அச்சில், ஒரே வார்ப்பில், நிமிடக் கணக்கில் பிறப்பது. உலகில் மிகுதியாகப் பரவிய நாற்காலி அதுவே எனலாம். அதைப் பற்றிப் பேச எந்த மேடையும் நெடுங்காலம் கூடவில்லை. 2017 இல்தான் ஜெர்மனியின் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் அதற்கென ஒரு கண்காட்சி வைத்தது. அமெரிக்கப் பொறியாளர் டான் ஷோன்டார்ஃபர் அந்த மலிவான நாற்காலிக்குச் சக்கரம் பூட்டி, 2001 முதல் ஏழை நாடுகளின் நடக்க இயலாதோர்க்கு இலவசச் சக்கர நாற்காலியாக வழங்கச் செய்தார். இதுவும் படைப்பன்றோ?

பேச்சை ஏலக் கூடத்திலிருந்து மீட்டவர் ஒருவரும் உண்டு. இத்தாலியின் என்சோ மாரி 1974 இல், சாதாரணப் பலகையும் ஆணியும் சுத்தியலும் மட்டும் கொண்டு எவரும் செய்துகொள்ளக்கூடிய 19 அறைகலன்களின் வரைபடங்களை, அஞ்சல் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு கேட்டவர்க்கெல்லாம் அனுப்பினார். செய்து பார்த்தவர்கள் படமும் கடிதமும் அனுப்பினார்கள். வாங்குபவன் ஒருமுறையேனும் தானே செய்து பார்த்தால் நல்லதையும் போலியையும் பிரித்தறிவான் என்பது அவர் எண்ணம். 2014 ஆம் ஆண்டு வாக்கில் பெர்லினில் 'குக்குலா' என்ற அமைப்பில் சேர்ந்த ஆப்பிரிக்க அகதி இளைஞர்கள், மாரியின் இசைவோடு அந்த நாற்காலிகளைச் செய்து விற்றார்கள். லம்பெடூசா தீவில் கிடந்த அகதிப் படகுகளின் மரத்துண்டுகளும் சிலவற்றில் சேர்க்கப்பட்டன. 2020 இல் மாரி மறைந்தார். ஆனால் அவர் தொடங்கிய உரையாடலில் செய்பவரும் அமர்பவரும் ஒருவரே ஆனார்கள்.

ஆகவே விளக்கத்தையும் விளம்பரத்தையும் பிரித்தறிய அவையோர் நான்கு கேள்விகள் கேட்டால் போதும். எது உடைந்தது? யார் கையால் செய்தார்? என்ன விலை, யாருக்காக? அமர்பவரிடம் கேட்டீர்களா? இந்நான்குக்கும் நேரான விடை சொல்பவர் கலைஞர். நழுவுபவர் வணிகர்.

நாம் செய்ய வேண்டியது

1958 இல் இந்திய அரசின் அழைப்பை ஏற்று ஈம்ஸ் தம்பதியர் நாடு முழுவதும் சுற்றி ஓர் அறிக்கை அளித்தார்கள். அதன் பயனாக 1961 இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்தது மாளிகையையன்று; நம் வீட்டுச் செம்பை! எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், நிறைந்தால் எப்படி நிற்கும், இடுப்பில் எப்படிப் பொருந்தும், ஊற்றினால் எப்படி விழும், எப்படித் தேய்த்துக் கழுவுவது, என்ன விலை என்று கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனார்கள். பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறைக் கைகள் சேர்ந்து அந்த வடிவத்தைக் கண்டன என்பது அவர்கள் கருத்து. கடல் கடந்து வந்தவர்கள் நம் செம்பிடம் கேட்ட கேள்விகளை நாம் நம் பெஞ்சிடம் கேட்டதுண்டா? மூன்று மணி நேரம் குனிந்து தேர்வெழுதி முதுகு வலியோடு எழும் நாம், இதன் உயரத்தை யார், எதைக் கொண்டு முடிவு செய்தார்கள் என்று கேட்டதுண்டா?

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் என் வேண்டுகோள் இது. நம் கல்லூரி ஆண்டு விழாவில் பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் நேரம் ஒதுக்குகிறோம், நல்லதே. அவற்றோடு ஒரே ஒரு மணி நேரம் 'செய்வோர் அவை' என்று வைப்போம். கட்டில் செய்யும் தச்சர், பிரம்பு பின்னுபவர், இரும்புப் பீரோ செய்யும் வெல்டர், வடிவமைப்புப் படித்த இளைஞர் ஒருவர் ஆகியோரை ஒன்றாக அமர்த்துவோம். முன்வரிசையில், நாளெல்லாம் முக்காலியில் அமரும் தையல்காரரையும், இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருக்கும் காவலாளியையும் அமர்த்துவோம். ஒலிபெருக்கி கைமாறட்டும். இயற்பியல் மாணவர் பின்காலின் சாய்வைக் கரும்பலகையில் வரைந்து காட்டட்டும். தமிழ் மாணவர் தச்சரின் வாயிலிருந்து வரும் தொழிற்சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். வரலாற்று மாணவர் பெயர்களைப் பதிவு செய்யட்டும். செலவு அதிகமில்லை. தேவைப்படுவது, கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மில் பலருக்கு இதில் தனிக் கடமை உண்டு. உளி பிடித்த வீட்டிலிருந்தும், தறி ஓடிய வீட்டிலிருந்தும், சாந்துச் சட்டி சுமந்த வீட்டிலிருந்தும் வந்தவர்கள் நாம். கல்வி நமக்குச் சொல்லைத் தந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கொண்டு பெற்றோரின் சார்பில் நாமே பேசிவிடுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது கடைக்காரர் அடித்த தகட்டை எடுத்துவிட்டு நம் தகட்டை அடிப்பதாகும். நாம் செய்யத்தக்கது, மேடையில் சற்று நகர்ந்து அமர்ந்து அவர்களுக்கும் ஓர் இருக்கை போடுவதே. அந்த இருக்கையை எப்படிச் செய்வது என்பதை அவர்கள் நமக்குச் சொல்வார்கள்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)